எட்டு மணிக்கு முன்னும் ஏழு மணிக்குப் பின்னும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே கடன் வசூலித்த முறையை வியந்து எழுதிவைத்திருக்கிறார். பலமுறை கேட்டும் சாக்குச் சொல்லிக்கொண்டே போகிற ஆளைக் கடன் கொடுத்தவர் வழியில் மடக்கி, அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவாராம். பணத்தைக் கொடுக்காமலோ, அதற்குப் பிணை காட்டாமலோ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை. வெளிநாட்டு வணிகர் ஒருவர் குதிரையில் போன அரசரையே குதிரையோடு சேர்த்து வளைத்துவிட, பாக்கிக்கு வழி பிறக்கும்வரை அரசர் நகரவில்லை என்றும், அதைத் தாமே கண்ணால் கண்டதாகவும் சொல்கிறார். போலோவின் கதைகளில் எவ்வளவு கலப்பு என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த முறையில் சட்டம் முழுக்கவும் கடன் கொடுத்தவர் பக்கம் நிற்கிறது. ஆனாலும் அவர் கை எதிராளி மேல் படுவதில்லை. அவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. பெண்டு பிள்ளைகளிடம் போவதில்லை. நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, வெட்கம் ஒன்றுதான் கருவி.

இன்று வசூலுக்கு வருகிறவர்களின் கருவியும் அதே வெட்கம்தான். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி பேசுவது, மாமனாருக்கும் மேலாளருக்கும் போன் போடுவது, படத்தை வாட்ஸாப்பில் சுற்றவிட்டு மோசடிப் பேர்வழி என்று எழுதுவது என்று அதன் வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இவற்றில் ஒவ்வொன்றையும் ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. அப்படியும் ஏன் நிற்கவில்லை? விதிகள் போதாது என்பார்கள் சிலர். விதிகளை யாரும் மதிப்பதில்லை என்பார்கள் பலர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நான் பார்த்தவரையில் விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றைக் கடன் வாங்கியவர் கையில் கொடுக்கவில்லை. அவை வங்கிக்கும் அதன் மேற்பார்வையாளருக்கும் இடையே நடக்கும் பேச்சு. அவமானப்பட்டவர் அந்தப் பேச்சில் மூன்றாம் ஆள்.

விதிகள் வந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும். 2000க்குப் பிறகு வண்டிக் கடனும் கிரெடிட் கார்டும் பெருகியபோது, வங்கிகள் வசூலை வெளியாட்களிடம் விட்டன. 2007இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கடனை வசூலிக்கவும் வண்டியை எடுக்கவும் வங்கிகள் அடியாட்களை ஏவக்கூடாது, சட்ட வழி ஒன்றே வழி என்று கடிந்து சொன்னது. மறு ஆண்டு, 2008 ஏப்ரல் 24 அன்று, வசூல் முகவர்களைப் பற்றிய விரிவான வழிகாட்டுதலை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. இந்த ஆவணத்தை இன்றும் நிதானமாகப் படிக்கலாம். கணக்கை ஏஜெண்டிடம் கொடுக்கும்போதே அந்த ஏஜென்சியின் விவரத்தைக் கடன் வாங்கியவருக்கு வங்கி தெரிவிக்க வேண்டும். வருகிறவர் அடையாள அட்டையோடு வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் கொண்டுவர வேண்டும். அவருக்கு 100 மணி நேரப் பயிற்சி தர வேண்டும். வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தால், அது வீண் புகார் என்று வங்கி உறுதியாக நம்பினாலொழிய, முடிவு தெரியும்வரை அந்தக் கணக்கை ஏஜெண்டிடம் அனுப்பக்கூடாது.

இவற்றுக்கு நடுவே, யாரும் அதிகம் மேற்கோள் காட்டாத ஒரு வரி இருக்கிறது. எட்ட முடியாத வசூல் இலக்கும் கொழுத்த ஊக்கத்தொகையும் ஏஜெண்டை முறைகேட்டுக்குத் தள்ளும். ஒப்பந்தம் அப்படித் தூண்டுவதாக இருக்கக்கூடாது என்கிறது அது. நோயின் வேர் அங்கேதான். வீட்டு வாசலில் கத்துகிற இளைஞர் பெரும்பாலும் அதே போன்ற ஒரு தெருவிலிருந்து வருகிறவர். வசூலித்த தொகையில் இத்தனை சதவீதம் என்றுதான் அவருக்குக் கூலி. மாத இறுதிக்குள் கணக்கு, தவணை தவறிய நாள்களை வைத்துப் பிரிக்கும் ஒரு 'பக்கெட்'டிலிருந்து அடுத்த பக்கெட்டுக்குத் தாவிவிட்டால் அந்தக் கூலியும் போய்விடும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுத வேண்டிவரும் என்பதால் மேலிருந்தும் நெருக்கடி. கத்தாமல் வசூலிக்கச் சொல்லிப் பயிற்சியும் கொடுத்து, கத்தினால்தான் காசு என்று கூலியையும் நிர்ணயித்தால் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை. ஊக்கத்தொகைக்கு ஓர் எண்ணை உச்சவரம்பாக 2008லேயே வைத்திருக்கலாம். அறிவுரையாக விட்டதோடு சரி.

2022 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. ரிசர்வ் வங்கியின் ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை மிரட்டலையும் வசையையும் தடுத்ததோடு, பொதுவில் அவமானப்படுத்துவதையும், குடும்பத்தார், நண்பர்கள், கடன் படிவத்தில் பரிந்துரைக்காகப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவதையும், பெயர் சொல்லாத அழைப்பையும், சமூக ஊடகத் தகவலையும், பொய்யான விவரம் சொல்வதையும் சேர்த்துத் தடுத்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. சிறுகடன் எனப்படும் மைக்ரோபைனான்ஸுக்கு அதே ஆண்டு மார்ச்சில் வந்த விதி இன்னும் கறாரானது: காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைதான். வசூலும் இரு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். செப்டம்பர் 2 அன்று வந்த டிஜிட்டல் கடன் விதிகள், கடன் செயலிகள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்றன. கொரோனா காலத்தில் ஐயாயிரம் பத்தாயிரம் கடனுக்காக ஊருக்கெல்லாம் ஆபாசப் படம் அனுப்பி மிரட்டியதையும், அதில் பறிபோன உயிர்களையும் பார்த்த பிறகு வந்த விதி அது.

இந்த விதித்தொகுதியின் பெரிய பலம், தவறுக்கு வங்கியே பொறுப்பு என்பது. ஏஜென்சி செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று கையை விரிக்க முடியாது. வெளியாள் செய்ததும் வங்கி செய்ததே. நுகர்வோர் சட்டத்துக்குப் பேர்போன அமெரிக்காவில்கூட இது இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம். இவ்வளவு வரைக்கும் மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி ஓட்டைகள். 'விடாமல் அழைப்பது' தடை. எத்தனை அழைப்பு வந்தால் அது விடாமல் அழைத்ததாகும்? எண் இல்லை. எட்டு முதல் ஏழு வரை 11 மணி நேரம். அதற்குள் வெவ்வேறு எண்களிலிருந்து 40 அழைப்பு வந்தால் விதி மீறப்பட்டதா என்பதைப் புகார் வந்த பிறகு வங்கி அலுவலர் ஒருவர் தீர்மானிப்பார். யார்மேல் புகாரோ அவருடைய அலுவலர். பேச்சைப் பதிவு செய்வதும் வைத்திருப்பதும் அவர்கள் பக்கம். நிரூபிக்கும் சுமை போன் எடுத்தவர் பக்கம். தவிர, இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள், எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லும் உரிமை கடன் வாங்கியவருக்கு எந்த வரியிலும் இல்லை. பாக்கி இவ்வளவு என்று ஏஜெண்ட் சொல்லும் தொகையை, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்வரை வசூலை நிறுத்திவைக்கும் உரிமையும் இல்லை.

பொய் சொல்லக்கூடாது என்ற விதியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். வசூலில் வசவைவிட வலுவான ஆயுதம் சட்டத்தைப் பற்றிய பொய். போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவீர்கள், வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போவோம், மகன் வேலைக்குப் போக முடியாது. உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது? பணம் இல்லாததால் கட்ட முடியாத ஒருவரைச் சிறையில் போட முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980லேயே எழுதிவிட்டார். கட்ட வசதியிருந்தும் ஏமாற்றுகிறவருக்குத்தான் உரிமையியல் சிறை. பணத் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. குழுக் கடன் வாங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். நீதிமன்றம் ஜப்தி ஆணை கொடுத்தாலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றைத் தொட முடியாது என்கிறது 60ஆம் பிரிவு. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளை, ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, தனக்கு வந்துசேர்ந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. கடைசியாகப் பணம் கட்டியோ, பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டோ மூன்று ஆண்டு கடந்துவிட்ட சாதாரணக் கடனுக்கு வழக்கே போட முடியாது. பழைய கிரெடிட் கார்டு பாக்கியில் 'ஒரு ஆயிரம் மட்டும் போடுங்க சார்' என்று கெஞ்சிக் கேட்பதற்குப் பின்னால் சில சமயம் இந்தக் கணக்கும் இருக்கும். கெடு முடிவதற்குள் கட்டிய தொகை எழுத்திலும் பதிவானால், மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

ஆனால் ஏஜெண்ட் சொல்வது எப்போதும் முழுப் பொய்யும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கடன் கட்டாதது குற்றம் இல்லைதான். ஆனால் கடன் கொடுக்கும்போதே வெற்றுக் காசோலை சில வாங்கி வைத்துக்கொண்டு, தவணை தவறியதும் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் இசைவு திரும்பினாலும், பணப்பட்டுவாடா முறைமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதேபோல் பாயும். உரிமையியல் கடனை இப்படிப் பின்வாசல் வழியாகக் குற்றமாக்கி வைத்திருக்கும்வரை, சிறை என்ற சொல்லை வசூலிப்பவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. வியாபாரி வியாபாரிக்குக் கொடுக்கும் காசோலையின் நாணயத்தைக் காக்க வந்த பிரிவு, சம்பளக்காரரின் மாதத் தவணைக்கும் அரிவாளாக நிற்கிறது. சில்லறைக் கடன்களை அதிலிருந்து விலக்குவதைப் பற்றி நுகர்வோர் அமைப்புகள் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த விதிகள் தடுமாறும் இடம் குழுக் கடன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். வாரமோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ கூட்டம். ஒருத்திக்குப் பணம் புரளவில்லை என்றால், மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை வசூலுக்கு வந்தவர் எழுந்திருக்க மாட்டார். அவர் குரல் உயர்த்தவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. மணி பிற்பகல் மூன்றுதான். பேசி வைத்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவர் செய்ய வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணே செய்துவிடுகிறாள்: 'உன்னால எங்க எல்லாருக்கும் அடுத்த லோன் வராதுடி.' உறவினரையும் நண்பரையும் உடன் வேலை பார்ப்பவரையும் தொல்லை செய்யக்கூடாது என்கிறது மைக்ரோபைனான்ஸ் விதி. ஆனால் குழு உறுப்பினர் நண்பர் மட்டுமல்ல, கடனில் பங்காளி. அவளைக் கேட்பது தொல்லை ஆகாது, ஒப்பந்தப்படி உரிமை. வெட்கப்படுத்தும் வேலையை ஏஜெண்டிடமிருந்து ஊரிடம் கைமாற்றிவிட்ட இந்த ஏற்பாட்டை எந்தச் சுற்றறிக்கையும் தொடவில்லை. ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற 2022 விதி இங்கே ஓரளவு உதவ வேண்டும். வருமானத்தைக் கணக்கிடுகிறவர் கடன் கொடுப்பவரே என்பதால் அந்தப் பாதி எப்படியோ பொருந்திவிடுகிறது.

வண்டிகளைப் பொறுத்தவரை நீதிமன்றங்களே இரண்டு குரலில் பேசுகின்றன. நடுச்சாலையில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கும் 'சீஸிங்' ஆட்களை எல்லோருக்கும் தெரியும். சிட்டிகார்ப் மாருதி பைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தமாகவே இருந்தாலும் பலத்தைப் பயன்படுத்தி வண்டியை எடுக்க முடியாது என்றது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், முகவர்களைக் கொண்டு வண்டியைப் பறிப்பது வாழ்வுரிமையையும் பிழைப்பையும் பறிப்பதாகும் என்று சொல்லி, தவறிய நிறுவனங்களுக்குத் தலா 50,000 ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் 2020இல் மேக்மா பின்கார்ப் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை நிதி நிறுவனமே உரிமையாளர், தவணை தவறினால் அது வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று உறுதிசெய்தது. பலம் கூடாது, ஆனால் எடுக்கலாம் என்றால், ஓட்டுநர் சாவியைத் தர மறுக்கும் அந்த நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும்? வீட்டுக் கடனில் இந்தக் குழப்பம் இல்லை. அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், ஆட்சேபத்துக்கு 15 நாளில் பதில், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் என்று படிகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் வங்கிக்குச் சாதகமானது என்று நெடுநாளாகத் திட்டுகிறோம். ஆனால் ஆட்டோ ஓட்டுநருக்கு அந்தப் படிகளில் ஒன்றுகூட இல்லை.

இனி மையக் கேள்விக்கு வருகிறேன். விதி மீறப்பட்டால் யாருக்கு என்ன கிடைக்கிறது? 2021 ஜனவரியில் வசூல் முகவர்களின் தொல்லையைத் தடுக்கத் தவறியதற்காகப் பஜாஜ் பைனான்ஸுக்கு 2.5 கோடி ரூபாய் அபராதம். 2023 மார்ச்சில் ஆர்பிஎல் வங்கிக்கு, முகவர்கள் தொடர்பான விதிகளை மீறியதற்காக, 2.27 கோடி. இரண்டும் ரிசர்வ் வங்கிக்குக் கட்டிய பணம். போனில் வசவு கேட்டவர்களுக்கு அதில் ஒரு ரூபாயும் போகவில்லை. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் டிராக்டர் கடனுக்காக வண்டியை எடுக்க வந்தபோது, விவசாயி ஒருவரின் கர்ப்பிணி மகள் அந்த டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அந்த மாதமே 22ஆம் தேதி, மஹிந்திரா பைனான்ஸ் வெளியாட்களைக் கொண்டு வசூலிக்கவும் வண்டி எடுக்கவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. சொந்த ஊழியரைக் கொண்டு வசூலிக்கத் தடையில்லை. 2023 ஜனவரி 4ஆம் தேதி தடை நீங்கிவிட்டது. மூன்றரை மாதம்கூட நீடிக்கவில்லை. 2008 வழிகாட்டுதலே எச்சரித்திருந்த தடை என்ற பெரிய ஆயுதத்தை ஒருவழியாக வெளியே எடுத்தார்கள் என்பதைப் பாராட்டலாம். உயிர் போனால்தான் எடுப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

தனி ஆளுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2021 குறைதீர்ப்புத் திட்டத்தில் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். நட்டத்துக்கு 20 லட்சம் வரையும், மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரையும் ஈடு வழங்க அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. உச்சவரம்பு இருக்கிறது, அடிவரம்பு இல்லை. ஒரு மீறலுக்குக் குறைந்தது இவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. ஆகவே மன்னிப்புக் கடிதத்தோடும், ஏஜெண்டை மாற்றிவிட்டோம் என்ற வாக்குறுதியோடும் புகார் முடிந்துவிட இடமிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டப்படி வங்கிச் சேவை அதன் வரம்புக்குள்தான் வருகிறது; கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் தவணை கட்ட முடியாத ஒருவர் எத்தனை வாய்தாவுக்கு வேலையை விட்டு வருவார்? மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு இருக்கிறது. வாங்கிய கடனைக் கட்ட வேண்டியதுதானே என்று அறிவுரை சொல்லி அனுப்பாத காவல் நிலையம் அமைய வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நேர வரம்பு அங்கே தளர்வுதான், காலை 8 முதல் இரவு 9 வரை. ஆனால் முதல் தொடர்பிலிருந்து ஐந்து நாளுக்குள் கடன் விவரத்தை எழுத்தில் தர வேண்டும். 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், சான்று காட்டும்வரை வசூல் நிற்க வேண்டும். கூப்பிடாதே என்று எழுதிக் கொடுத்தால் கூப்பிடக்கூடாது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை, ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு அழைப்புக்கு மேல் போனால் அதைத் தொல்லையாகவே கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதியை மீறிய வசூலிப்பாளர்மேல் கடன் வாங்கியவரே வழக்குப் போடலாம்; நட்டத்தை நிரூபிக்காமலே 1,000 டாலர் வரை பெறலாம்; வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே கட்ட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் சட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறது. ஏழைக் கட்சிக்காரருக்கு வாதாட வக்கீல்கள் தாமாக முன்வருவதற்கு அது காரணம்.

அந்தச் சட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. அது வெளியாள் வசூலிப்பாளரைத்தான் பிடிக்கிறது. கடன் கொடுத்த வங்கியே தன் பெயரில் வசூலித்தால் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டாது. கடனை விலைக்கு வாங்கித் தனக்காக வசூலிக்கும் நிறுவனத்தை ஒரு முக்கிய வரையறைக்கு வெளியே நிறுத்தியது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. 1977இல் வைத்த 1,000 டாலர் இன்றும் அதே 1,000 டாலர். நம்மிடம் பொறுப்பு சரியான ஆள்மேல் இருக்கிறது, அதைக் கேட்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவரிடம் இல்லை. அவர்களிடம் அதிகாரம் இருக்கிறது, பொறுப்பு அரைகுறை. இரண்டையும் ஒன்றாக்கினால் நல்ல சட்டம் கிடைக்கும்.

கடன் கொடுப்பவர் தரப்பு வாதத்தைத் தட்டிவிட முடியாது. வசூலை இறுக்கினால் கடன் வறண்டுபோகும், ஏழைகள் மறுபடி கந்துவட்டிக்காரரிடம் போவார்கள் என்பார்கள். ஆந்திரத்தைக் காட்டுவார்கள். அங்கே 2010 அக்டோபரில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு தவணை வருவது சரிந்து, சிறுகடன் தொழிலே மாநிலத்தில் ஏறக்குறைய நின்றுபோனது உண்மை. ஆனால் ஆந்திரம் செய்தது வேறு. நிறுவனங்களை மாவட்டம்தோறும் பதிவு செய்யச் சொல்லி, வாரத் தவணையை மாதத் தவணையாக்கி, வசூல் நடக்கும் முறையையே ஒரே வீச்சில் மாற்றியது. வசூலிக்கிறவர் வாயையும் கையையும் கட்டுவது வசூலைக் கட்டுவது ஆகாது. நாற்பது ஆண்டுக்கு மேலாகத் தனிநபர் வழக்குரிமை இருக்கும் அமெரிக்காவில் கடன் கிடைக்காமல் யாரும் திண்டாடவில்லை. கூடுதலாகக் கிடைப்பதுதான் அங்கே தொல்லை.

மாநிலச் சட்டம் போதாதா? 2003இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் தொழில்கள் சட்டத்தின் பார்வைக்கு வந்தன. மூன்று ஆண்டு வரை சிறை. 2017 அக்டோபர் 23 அன்று, பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் தீயில் மாண்டார். சட்டம் வந்து 14 ஆண்டு ஆகியிருந்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. பின்தொடர்வது, வழிமறிப்பது, அடியாட்களை ஏவுவது, அரசு நலத்திட்ட ஆவணங்களைப் பறிப்பது எல்லாம் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். குழுக் கடன் பெண்களையும் தெருவோர வியாபாரிகளையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பதால் வரவேற்கலாம். இருந்தாலும் இரண்டு ஐயம். ரிசர்வ் வங்கியில் பதிந்த நிதி நிறுவனங்கள்மேல் மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் செல்லாது என்று 2022 மே மாதம் கேரளம், குஜராத் சட்டங்களை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வன்முறையைத் தடுப்பது வேறு, கடன் தொழிலை ஒழுங்குபடுத்துவது வேறு என்று அரசு வாதாடலாம். அந்த வாதத்தில் வலு இருப்பதாகவே நினைக்கிறேன். இரண்டாவது ஐயம் பெரிது. சிறை என்று எழுதினால் நிரூபணம் கடினமாகும், காவல்துறை மனம் வைக்க வேண்டும், சிக்குகிறவரோ கமிஷனுக்கு வேலை பார்க்கும் இளைஞர். இலக்கு நிர்ணயித்தவர் குளிரூட்டிய அறையிலேயே இருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இது. நடத்தை விதிகளாக இந்தியாவின் வசூல் வரம்புகள் உலகத் தரத்துக்குக் குறைந்தவை அல்ல. நுகர்வோர் உரிமையாக அவை தேர்ச்சி பெறவில்லை. சுற்றறிக்கையில் இருப்பதை நாடாளுமன்றம் சட்டமாக்கி, ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தபட்ச ஈட்டை ரூபாயில் எழுதி, அது கடன் கணக்கிலேயே கழிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். அழைப்புப் பதிவுகளை நிறுவனம் காட்டத் தவறினால் புகார் உண்மை என்று கொள்ள வேண்டும். கமிஷனுக்கு உச்சவரம்பு வேண்டும். குழு ஜாமீனில் மற்ற பெண்களிடம் கேட்பதற்கும் நேரமும் இடமும் முறையும் வகுக்க வேண்டும். சிறைத் தண்டனையைவிடப் பாக்கித் தொகை குறைகிற தண்டனைக்கு நிதி நிறுவனங்கள் கூடுதலாக அஞ்சும்.

அதுவரை, தொல்லைக்கு ஆளாகிறவர்கள் இருப்பதை வைத்துத்தான் போராட வேண்டும். போனில் திட்டிவிட்டு வைப்பது புகார் ஆகாது. தேதி, நேரம், எண், பேசிய சொல் ஆகியவற்றை எழுதி வங்கிக்கோ நிறுவனத்துக்கோ மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, அனுப்பிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது கணக்கை ஏஜெண்டிடம் கொடுக்கக்கூடாது என்ற விதியையும் அதில் குறிப்பிடுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். வாசலுக்கு வருகிறவரிடம் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் பாக்கி இருப்பது இந்தப் புகாருக்குத் தடை அல்ல.